ஆச்சி வீட்டுக்கு ஒரு தூசி மிஷின்: கானாடுகாத்தானில் ஒரு நிகழ்வு ஆய்வு

போன ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, காரைக்குடியில் என் ரிப்பேர் கடை வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பின் சீட்டில் ஆள் இல்லை. பழைய சேலையால் சுற்றிக் கட்டிய மிஷின் ஒன்று குறுக்கே படுத்திருந்தது. ஆட்டோக்காரர் அதை இறக்கி வைத்துவிட்டு, "கானாடுகாத்தான் ஆச்சி குடுத்து விட்டாக. சுவிட்சைப் போட்ட ஒடனே புகைஞ்சிருச்சாம். நாளைக்கே வேணுமாம்" என்றார்.

சேலையை அவிழ்ப்பதற்கு முன்பே வாடை சொல்லிவிட்டது. மூடியைக் கழற்றினால் மோட்டாரில் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் கறுத்து, வார்னிஷ் உருகி வழிந்து மறுபடி உறைந்திருந்தது. முதுகுப் பக்கம் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 12 ஆம்ப் என்று இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் மகன் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த வேக்குவம் கிளீனர். நின்றபடியே தள்ளும் ரகம், உள்ளே பை. அதன் தட்டை மூக்கு பிளக் நம் சாக்கெட்டில் நுழையவில்லை. வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் அக்கா கடைவீதிக்குப் போய் ஓர் அடாப்டர் வாங்கி வந்து சொருகியிருக்கிறார். அடாப்டர் பிளக்கின் மூக்கைத்தான் மாற்றும், வோல்டேஜை மாற்றாது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நம் வீட்டு லைன் 230 வோல்ட். அந்த 230-ஐ 120-ஆல் வகுத்தால் 1.9-க்குக் கொஞ்சம் மேல் வரும். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் காயிலில் இறங்கும் பவர் நாலு மடங்காகிவிடும். இங்கே காகிதக் கணக்குப்படி மூன்றரை மடங்குக்கு மேல். 1440 வாட்ஸுக்குச் சுற்றிய கம்பி ஐயாயிரத்தை எத்தனை நொடி தாங்கும்? அக்கா சொன்னது, "பிளேன் கிளம்புற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் புகை."

அன்று ராத்திரியே மகன் போன் செய்தார். "அண்ணே, ரீவைண்டிங் பண்ணிடலாமா? இல்லேன்னா ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கிடுவோமா?" கருகிய காயிலை மறுபடி சுற்றலாம், 230-ஐ 120-ஆக இறக்கும் பெட்டியும் வைக்கலாம், இரண்டுக்கும் வழி உண்டு. ஆனால் 1440 வாட்ஸ் மிஷினுக்கு 2000 விஏ (வோல்ட்-ஆம்பியர்) தாங்கும் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஒப்பேறாது. பத்துப் பதினைந்து கிலோ கனம் அது. வீட்டைக் கூட்டும்போது அறைக்கு அறை அதையும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். எழுபத்தெட்டு வயது ஆச்சியும் இடுப்பு வலியோடு இருக்கும் அக்காவும் அதைச் செய்ய மாட்டார்கள். ஒரு நாள் டிரான்ஸ்பார்மரை விட்டுவிட்டு நேரே சொருகுவார்கள், மிஷின் மறுபடி ஆட்டோவில் வரும். "வீட்டை ஒரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

நான் முப்பது வருஷமாக மிக்சி, கிரைண்டர், வேக்குவம் கிளீனர் கழற்றிப் பூட்டுகிறவன். மிஷினைப் பார்த்து வீட்டுக்குச் சிபாரிசு செய்வதுதான் எங்கள் பழக்கம். இந்த ஒரு தடவை வீட்டைப் பார்த்துவிட்டு மிஷினுக்குப் போனேன். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

வீடு எல்லோரும் படத்தில் பார்த்திருக்கும் அந்தச் செட்டிநாட்டு ரகம்தான். முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் கொல்லை வாசல். நடுவில் முற்றத்தோடு கூடிய வளவு, அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, அப்புறம் அடுப்படி. பர்மாத் தேக்குத் தூண்கள், பட்டாலையில் இத்தாலி மார்பிள், மற்ற இடமெல்லாம் ஆத்தங்குடிக் கல். ஆச்சி புழங்குவது முன்கட்டில் மூன்று அறைகளும் வளவும்தான். மற்றது பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் வரும்போது குளிரக்கூடாது, பேரப்பிள்ளைகள் விழுந்தால் அடிபடக்கூடாது என்று இரண்டு அறைகளில் மகன் கனமான கம்பளி விரிப்பு போட்டிருக்கிறார். மயிர் நீண்டு நிற்கும் ரகம். ஆச்சிக்கு மூச்சு இளைப்பு அதிகமானது அதற்குப் பிறகுதான் என்று அக்கா என்னிடம் தனியாகச் சொன்னார். ஆச்சி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "மகன் ஆசையாப் போட்டது. அதுல என்ன வந்துச்சு?"

அந்த வீட்டில் தூசி ஒன்று இல்லை, பல. தெருவிலிருந்தும் வளவு வழியாகவும் வரும் செம்மண் கனமானது. மணல் கலந்திருக்கும், தரையிலேயே கிடக்கும், துடைப்பத்துக்கு அடங்கும். கம்பளத்துக்குள் இருப்பது மயிர், நூல், தோல் செதில், அதைத் தின்று வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி. அந்தப் பூச்சியின் கழிவுதான் இளைப்புக்காரர்களைப் படுத்துகிறது. பூந்துடைப்பத்தால் கம்பளத்தைத் தட்டினால் இதெல்லாம் மேலே கிளம்பி மறுபடி அதிலேயே உட்காரும்.

மூன்றாவது சுண்ணாம்பு. இதைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேக்குவம் கிளீனர் விளம்பரம் எதிலும் இது வராது. இந்த வீடுகளின் சுவரில் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு, கையால் தடவினால் கண்ணாடி மாதிரி வழுக்கும். ஆனால் அடியில் ஈரம் ஏறிய இடத்தில் பூச்சு பொரிந்து, மாவாக உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆச்சியின் படுக்கையறையில் தெற்குச் சுவர் ஓரம் அந்த மாவு தினமும் ஒரு கோடு போட்டிருக்கும். அதை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். திருநீற்றை விட நைசாக இருந்தது. இந்த மாவு எந்த வடிகட்டியையும் அடைத்துவிடும். பையில் கால்வாசி கூட நிறைந்திருக்காது, அதற்குள் "பை நிறைந்துவிட்டது" என்று சிவப்பு விளக்கு எரியும். பையின் நுண்துளைகள் அடைபட்டுக் காற்று போகாததுதான் காரணம்.

மாடியில் வவ்வால் எச்சம் கிடந்தது. "அதையும் இந்த மிஷின்லயே இழுத்துரலாமா தம்பி?" என்று ஆச்சி கேட்டார். கூடவே கூடாது. காய்ந்த எச்சத்தில் நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சை இருக்கலாம். கூட்டினாலும் இழுத்தாலும் அது காற்றில் கிளம்பும். தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, முகத்தை மூடிக்கொண்டு வழித்து எடுக்க வேண்டும். அதற்கு வேறு ஆளை ஏற்பாடு செய்தோம். ஆச்சி மாடிப்பக்கமே வரவில்லை.

சரி, மிஷினுக்கு வருவோம். ஆச்சி கேட்டது இரண்டே இரண்டு. அக்கா குனியாமல் வேலை முடிய வேண்டும். தனக்கு மூச்சு வாங்கக் கூடாது. முதல் கேள்வியே நின்று தள்ளும் ரகத்தை முடிவு செய்துவிட்டது. நம் ஊரில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் டப்பாவைப் பின்னால் இழுத்துக்கொண்டு குழாயைப் பிடித்து வேலை செய்வது. யூரேக்கா போர்ப்ஸ் கம்பெனி 1982-இல் தொடங்கி, ஆட்கள் வீடு வீடாக வந்து காட்டிய காலத்திலிருந்து நம் வீடுகளுக்குத் தெரிந்த உருவம் அதுதான். வெறும் தரைக்கு அது போதும். மயிர் நீண்ட கம்பளத்துக்கு உள்ளே போய்த் தட்டிக் கிளப்பும் உருளை பிரஷ் வேண்டும். மோட்டாரோடு சேர்ந்து சுழலும் அந்த உருளையும் நேராக நிற்கும் கைப்பிடியும் சேர்ந்ததுதான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புழங்கும் அப்ரைட் ரகம். கம்பளம் அதிகம் உள்ள நாடுகள் அவை, அதனால் அங்கே அது பிழைத்தது. நம் ஊர்த் தரையில் அதற்கு வேலை குறைவு, அதனால் இங்கே வரவில்லை. ஆச்சி வீட்டில் இரண்டு அறை மட்டும் அமெரிக்கா மாதிரி ஆகிவிட்டதுதான் சிக்கல்.

பை உள்ளதா, பை இல்லாததா என்ற இரண்டாவது கேள்விக்கு விடை புத்தகத்திலிருந்து கிடைக்கவில்லை, அடுத்த வீட்டிலிருந்து கிடைத்தது. அங்கே பை இல்லாத ஸ்டிக் மிஷின் ஒன்று இருந்தது. இரவல் வாங்கி ஆச்சியின் அறையில் ஓட்டினோம். இழுவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக் கோப்பைக்குள் தூசி சுற்றுவதைப் பார்க்க ஆச்சிக்குக் கூட வேடிக்கையாக இருந்தது. அப்புறம் கோப்பையைக் கொட்டப் போனோம். இரண்டாங்கட்டு வாசலில் பழைய தினசரி ஒன்றை விரித்து அக்கா கோப்பையின் அடி மூடியைத் தட்டினார். மத்தியான வெயில் வளவுக்குள் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. கோப்பையிலிருந்து கிளம்பியது அந்த வெயிலில் ஒரு தூண் மாதிரி எழுந்து, ஒரு நொடி நின்று, காற்றோடு திரும்பி ஆச்சி உட்கார்ந்திருந்த ஊஞ்சல் பக்கமே போனது. அரை மணி நேரம் வேலை செய்து பிடித்ததில் நைசான பங்கு ஒரே தட்டில் வீட்டுக்குள் திரும்பிவிட்டது. ஆச்சி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு எழுந்து போனார். அன்று சாயங்காலம் அவர் இன்ஹேலரை இரண்டு தடவை எடுத்தார் என்று அக்கா சொன்னார்.

பை இருந்தால் தூசி எங்கே போனதோ அங்கேயே கிடக்கும். எடுக்கும்போது வாயை அதன் அட்டைக் கழுத்திலேயே மூடிக் குப்பையில் போட்டுவிடலாம். செலவு ஆகும், அதை மறைக்க முடியாது.

நின்று தள்ளும், பை வைத்த மிஷினிலேயே இரண்டு சாதி உண்டு. இதை எந்தக் கடைக்காரரும் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்றில் குப்பை முதலில் விசிறியில் பட்டு, அது தள்ளித்தான் பைக்குள் போகும். கிர்பி, ஓரெக் கம்பெனிகளின் மிஷின்கள் அந்த வழி. கம்பளத்தில் பிரமாதமாக வேலை செய்யும், ஏனென்றால் காற்று போகும் பாதை குட்டை. ஆனால் ஓர் ஆணியோ காசோ உள்ளே போனால் விசிறி இதழில் மோதும். மணல் போய்க்கொண்டே இருந்தால் இதழைத் தேய்க்கும். இன்னொன்றில் குப்பை முதலில் பைக்குள் விழுந்துவிடும், வடிந்த காற்று மட்டும் மோட்டார் பக்கம் வரும். செபோ, மீலே போன்ற ஜெர்மன் கம்பெனிகளின் மிஷின்கள் இந்த வழி. செம்மண் காட்டில் இருக்கும் ஒரு வீட்டுக்கு இரண்டாவதுதான் சரி என்று நான் முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். ஏன் என்பதை மார்கழியில் வேறு ஒரு பொருள் வந்து நிரூபித்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. இந்த ரகத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்லர், ஒஹாயோ மாநிலம் கேன்டன் ஊரில் ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தவர். அவருக்கு ஆஸ்துமா. கூட்டும் தூசி தாங்காமல், ஒரு விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை இவற்றைக் கட்டிச் செய்ததுதான் முதல் மிஷின். 1908-இல் பேட்டன்ட் வாங்கினார். அதை வாங்கிப் பெரிய தொழிலாக்கியவர் ஹூவர். கானாடுகாத்தான் அரண்மனை 1912 என்பார்கள், அதற்கு நாலு வருஷம் முந்தி. ஆச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப தூசி பிடிக்க அவரு வெச்சது தலகாணி உறைதான். எல்லாம் துணிதான்" என்றார். அந்தப் பேச்சை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. வாங்கி, வெறும் துணி போதுமா என்று யோசித்திருந்தால் பின்னால் செய்த தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

வாட்ஸ் பற்றி மகனுக்கும் எனக்கும் போனில் ஒரு சின்னத் தகராறு. "அண்ணே, 2000 வாட்ஸ் இருந்தாத்தான் நல்லா இழுக்கும்" என்றார். வாட்ஸ் என்பது மிஷின் கரண்ட்டில் எவ்வளவு தின்கிறது என்பது, எவ்வளவு இழுக்கிறது என்பது அல்ல. அடைபட்ட பையும் லூசான மூடியும் இருந்தால் 2000 வாட்ஸும் வெறும் சத்தம்தான். ஐரோப்பிய யூனியன் 2014 செப்டம்பரில் இருந்து வேக்குவம் கிளீனருக்கு 1600 வாட்ஸ் என்றும், 2017 செப்டம்பரில் இருந்து 900 வாட்ஸ் என்றும் உச்சவரம்பு வைத்துவிட்டது. அதற்குள்ளேயே கம்பளத்தைச் சுத்தமாக இழுக்கும் மிஷின்களைச் செய்துகாட்டினார்கள்.

அந்த 900 எனக்கு வேறு வழியில் உதவியது. ஆச்சி வீட்டு வயரிங் எப்போது போட்டது என்று சுவருக்கே தெரியாது. பல இடத்தில் பழைய 5 ஆம்ப் சாக்கெட். 1440 வாட்ஸை 230-ஆல் வகுத்தால் 6 ஆம்பியரைத் தாண்டுகிறது. 900 என்றால் 4-க்குள் அடங்கும். ஆக அமெரிக்க மிஷின் வேண்டாம், 230 வோல்ட்டில் ஓடும் பிரிட்டன் அல்லது ஐரோப்பா மிஷின், 900 வாட்ஸுக்குள், பை வைத்தது, குப்பை முதலில் பைக்குள் போவது. இவ்வளவு சொன்னதும் தேர்வு தானாகச் சுருங்கிவிட்டது. லண்டனில் ஆச்சியின் தங்கை மகள் இருக்கிறார். புரட்டாசியில் அவர் ஊர் வரும்போது ஒன்று வாங்கி வந்தார். கம்பெனிப் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன். பிளக்கை மட்டும் வெட்டி, எர்த் இருக்கிறதா என்று பார்த்து நம் ஊர் டாப் போட்டுக் கொடுத்தேன். கூடவே முன்கட்டில் இரண்டு இடத்தில் எர்த்தோடு புதுப் பாயிண்ட். வயர் நீளம் பத்து மீட்டர் பக்கம் இருந்தும் வளவின் மறு மூலைக்கு எட்டவில்லை. நல்ல கனத்த வயரில் ஒரு எக்ஸ்டென்ஷன் செய்தேன், கடையில் விற்கும் நூல் மாதிரி வயர் இதற்கு ஆகாது.

இனி தரை. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் வண்ண சிமென்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த மினுமினுப்பு முதலில் கண்ணாடியிலிருந்து வருவது, அப்புறம் வருஷக்கணக்காகத் துடைத்துத் தேங்காயெண்ணெய் காட்டிக் காப்பாற்றுவது. நைலான் மயிர் வைத்த உருளை பிரஷ் அதன் மேல் சுழன்றால், இடையில் சிக்கிய ஒரு மணல்தான் உளி. அதனால் உருளையைத் தனியாக நிறுத்தும் சுவிட்ச் இல்லாத மிஷினை இந்த வீட்டுக்குள் விடவே கூடாது. கம்பளத்தில் உருளை ஓடலாம். கல்லிலும் மார்பிளிலும் நிறுத்திவிட்டுக் காற்றை மட்டும் இழுக்க வேண்டும். சக்கரத்தையும் பார்க்க வேண்டும். கெட்டிப் பிளாஸ்டிக் சக்கரத்தில் மணல் பதிந்தால் அதுவும் கோடு போடும். வந்த மிஷினின் சக்கரத்தில் நகத்தை அழுத்திப் பார்த்தேன், நகம் பதிந்தது, ரப்பர். வாரம் ஒரு முறை ஈரத்துணியால் சக்கரத்தைத் துடைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நிலைப்படி விஷயத்தில் நான் தோற்றேன். அறைக்கு அறை முழங்காலில் பாதி உயரம் தேக்குப் படி. மிஷினை அதன் மேல் ஏற்றி இறக்கிக் காட்டினேன். ஆச்சியின் முகம் மாறிவிட்டது. "தம்பி, நெலைப்படியில நாங்க காலே வைக்க மாட்டோம். குப்பை மிஷினை ஏத்துறியே." மிஷின் ஏழெட்டுக் கிலோ. கடைசியில் அக்காதான் ஒரு வழி சொன்னார். இருக்கும் இரண்டு கம்பள அறைக்கும் பொதுவாக ஒரு மூலையில் மிஷினை வைத்துக்கொள்வது, அந்த இரண்டு அறை தாண்டி அதை நகர்த்துவதில்லை. வளவும் முகப்பும் பழையபடி துடைப்பம், அப்புறம் ஈரத்துணி. யோசித்தால் அதுதான் சரியும் கூட. செம்மண்ணுக்கு மிஷின் எதற்கு?

விளக்கு வைத்த பிறகு வீடு கூட்டக் கூடாது என்ற வழக்கம் மிஷினுக்கும் உண்டா என்று பேத்தி போனில் கேட்டாளாம். ஆச்சியின் தீர்ப்பு: "கூட்டத்தான் கூடாது. இழுக்கலாமான்னு யாரும் சொல்லல. ஆனா வேண்டாம்."

இப்போது என் தப்புக்கு வருகிறேன். மிஷினோடு வந்தது ஒரே ஒரு பை. கூடுதல் பை கொண்டுவர மறந்துவிட்டார்கள். எரிந்துபோன மிஷினோடு வந்த பத்துப் பை பிரிக்காமல் இருந்தது, ஆனால் ஒரு கம்பெனி பையின் கழுத்து இன்னொரு கம்பெனி மிஷினில் உட்காராது. ஆச்சி அறைச் சுண்ணாம்பு மூன்றே வாரத்தில் அந்த ஒரே பையை அடைத்துவிட்டது. நான் கெட்டிக்காரத்தனமாக, பையை அளவெடுத்து, தெரிந்த டெய்லரிடம் நல்ல இழை நெருக்கமான காடாத் துணியில் ஒரு பை தைத்து, பழைய அட்டைக் கழுத்தைக் கழற்றி அதில் ஒட்டிக் கொடுத்தேன். துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம், செலவே இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். இழுவை அமோகமாக இருந்தது. ஐந்தாம் நாள் அக்கா போன் செய்தார். "தம்பி, ஆச்சிக்கு மறுபடி மூச்சு வாங்குது."

சாயங்காலம் போனேன். அறைக் கதவு, ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மிஷினைப் போட்டுக் காற்று வெளிவரும் இடத்துக்கு நேராக மொபைல் டார்ச்சைப் பிடித்தேன். வெளிச்சத்துக்குள் வெள்ளையாக ஒரு ஆறு ஓடியது. கறுப்புத் துணி ஒன்றை அந்த வாய்க்கு முன் ஒரு நிமிஷம் பிடித்தேன், விபூதி தூவிய மாதிரி ஆகிவிட்டது. காடாத் துணியின் ஊடும் பாவும் எவ்வளவு நெருங்கினாலும் அந்த மாவுக்கு அது வாசல்தான். கம்பெனிப் பை நெய்ததல்ல. நார்களை வாரியபடி அடுக்கடுக்காகப் படிய வைத்து அழுத்திச் செய்தது, மூன்று நாலு அடுக்கு இருக்கும். தூசி நேராக ஊடுருவாமல் நாருக்குள் வளைந்து வளைந்து போய்ச் சிக்கும். பையை நான் குப்பைக் கூடையாக நினைத்துவிட்டேன். அந்த மிஷினில் பெரிய வடிகட்டியே அதுதான். "எல்லாம் துணிதான்" என்று ஆச்சி சொன்னதை நான் மறுத்திருக்க வேண்டிய இடம் அது.

காற்று வெளியேறும் இடத்தில் பின்னால் இருக்கும் ஹெப்பா பில்டர், அதாவது நைசான தூசிக்கான வடிகட்டி, பிடிக்காதா என்று கேட்பீர்கள். பிடிக்கும், ஆனால் பை விட்டதையெல்லாம் அதுவே பிடிக்க வேண்டியிருந்தால் சில நாளில் அடைந்துவிடும். அதுவும் உடம்பில் மூடி, ரப்பர் வாஷர் எல்லாம் இறுக்கமாக இருந்தால்தான். காற்று சுலபமான சந்து வழியாகத்தான் போகும். ஹெப்பா என்று ஒட்டிவிட்டால் போதாது. ஐரோப்பியக் கணக்கில் எச்13 என்றால், பிடிப்பதற்கு மிகக் கஷ்டமான அளவுத் துகளிலேயே 99.95 சதவீதம் நிற்க வேண்டும். "ஹெப்பா மாதிரி", "ஹெப்பா டைப்" என்று எழுதியதற்கு அப்படி எந்த அளவும் கிடையாது. நான் வாஷரைப் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. வெள்ளையாக ஓடியது அத்தனையும் என் காடாத் துணி அளவு மீறிக் கொட்டியது. பில்டரையும் மாற்றி, கம்பெனிப் பைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அந்தச் செலவு என்னுடையது.

தெற்குச் சுவரையும் அப்போதுதான் யோசித்தோம். உதிர்ந்ததை இழுத்துக்கொண்டே இருப்பதை விட, கொத்தனாரை வைத்து அந்த ஓரத்தை மட்டும் சுண்ணாம்பிலேயே திரும்பப் பூசச் சொன்னோம். சிமென்ட் வேண்டாம், உள்ளே ஈரத்தை அடைத்து வேறு இடத்தில் வெடிக்க வைக்கும். பூச்சு வேலை நடந்த நாலு நாளும் ஆச்சி இரண்டாங்கட்டில் படுத்தார். கொத்தனார் கிளப்பிய தூசிக்கு மிஷினைத் தொடவே விடவில்லை. ஈரத் துணி, தண்ணீர், முறம்தான். இப்போது பை மூன்று வாரத்துக்குப் பதில் ஏழெட்டு வாரம் வருகிறது.

ஐப்பசி மழையில் இன்னொன்று கற்றோம். சாரல் அடித்து கம்பளத்தின் ஓரம் நனைந்திருந்ததை அக்கா கவனிக்காமல் இழுத்துவிட்டார். இரண்டு நாளில் மிஷினைப் போட்டால் ஈரச் சாக்கு வாடை. பைக்குள் பூசணம். பாதிப் பையைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. அதே வாரம் பவானி ஜமுக்காளத்தின் குஞ்சம் உருளையில் சுற்றி பெல்ட் வழுக்கி, ரப்பர் கருகும் வாடை வேறு. ஜமுக்காளம், கோரைப்பாய் இவற்றின் மேல் உருளை ஓடக்கூடாது என்று மிஷின் கைப்பிடியில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்.

மார்கழியில் நகரத்தார் வீடுகளில் குடும்பமாகக் கூடி எடுக்கும் பிள்ளையார் நோன்பு. வீடு நிறைய ஆட்கள். நோன்புச் சடங்கான இழை எடுத்து முடிந்து எல்லோரும் கிளம்பிய மறுநாள் மருமகள் காதைத் தடவிப் பார்க்கிறார், வைரத்தோட்டின் திருகாணி இல்லை. தோடு சேலை மடிப்பில் கிடைத்துவிட்டது. திருகாணி இல்லை. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது, ஏனென்றால் அன்று காலை அறையைச் சுத்தம் செய்தது அவர். ஒரு தடவை 'டிக்' என்று சத்தம் கேட்டதாக அவருக்கே நினைவு.

எனக்கு போன் வந்தது. போனேன். பையை அப்படியே எடுத்து, வாயை மூடி, கொல்லையில் காற்றில்லாத மூலையில், ஈரத் துணி விரித்து அதன் மேல் வைத்தேன். ஆச்சியை உள்ளே இருக்கச் சொல்லிவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பிளேடால் நீளவாக்கில் கீறினேன். உள்ளே சாம்பல் நிறத்தில், கையால் பிய்த்தால் பஞ்சு மிட்டாய் மாதிரி வரும் தூசிக் கட்டி. கம்பளி நூல், தலைமுடி, பேரப்பிள்ளைகளின் மிட்டாய்த் தாள், ஒரு பட்டன், இரண்டு ஊசி. கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து பிசைந்து பார்த்தோம். மூன்றாவது கைப்பிடியில் நகத்தளவு கூட இல்லாத அந்தத் தங்கத் திருகாணி அக்காவின் சுண்டுவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. மரை கூட நசுங்கவில்லை. விசிறி முதலில் இருக்கும் ரகமாக இருந்தால் அது இதழில் மோதி, இதழும் போயிருக்கும், திருகாணியும் நெளிந்திருக்கும்.

அதற்கு மேல் ஆச்சி பைச் செலவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பை இருநூறு ரூபாய்க்குப் பக்கம் வருகிறது, லண்டனிலிருந்து யார் வந்தாலும் ஒரு பெட்டி வாங்கி வரச் சொல்லியாகிவிட்டது. கூடவே இரண்டு பெல்ட், ஒரு பில்டர். இந்த ரக மிஷின் வாங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: அடுத்த மூன்று வருஷத்துக்குப் பை எங்கிருந்து, யார் கையில் வரும்? அதற்குப் பதில் இல்லை என்றால் பக்கத்து ஊரில் பை கிடைக்கும் டப்பா மிஷினே மேல். கம்பளம் இல்லாத வீட்டுக்கு எப்படியும் அதுதான் மேல், இல்லாவிட்டால் பூந்துடைப்பமும் ஈரத்துணியும்.

அக்கா மிஷின் ஓட்டும்போது ஆச்சி அடுப்படிப் பக்கம் போய்விடுகிறார், முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் அறைக்குள் வருகிறார். இன்ஹேலர் மேஜையில் இருக்கிறது, முன்னைவிடக் குறைவாகத் தொடுகிறார் என்று அக்கா சொல்கிறார். கம்பளத்தை எடுத்துவிட்டால் இன்னும் நல்லது என்று டாக்டரும் சொன்னார், நானும் சொன்னேன். மகன் போட்டது, அது கிடக்கும் என்பதுதான் இன்றுவரை பதில்.

பைப் பெட்டி இப்போது உள் அறையில் தேக்கு அலமாரியில், கண்டாங்கிச் சேலைகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதுப் பை மாட்டும் ஒவ்வொரு தடவையும் ஆச்சி அதன் அட்டைக் கழுத்தில் பென்சிலால் தேதி எழுதிக் கொடுக்கிறார். போன வாரம் பெல்ட்டைப் பார்க்கப் போனபோது உள்ளே இருந்த பையில் 'தை 9' என்று இருந்தது. விளக்கு இன்னும் பச்சைதான்.